சாக்பீஸ், அளவு நாடா, நோட்டுப் புத்தகம்: மைதானத்தில் பவரை அளப்பது எப்படி?

(ஆண்டிமடத்தில் உடற்கல்வி ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் அரியலூர் மாவட்டத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை. அரியலூர் பையன் கார்த்தி செல்வம் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்து, 2022 ஆசியக் கோப்பையில் இந்திய ஹாக்கி அணிக்கு ஆடினார். 2023இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியை வென்ற அணியிலும் இருந்தார். அதே 2023இல் தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 8.42 மீட்டர் தாண்டினார். பிரவீன் சித்திரவேல் மும்முறைத் தாண்டலில் 17.37 மீட்டர் தாண்டினார். இரண்டுமே தேசிய சாதனைகள். தாண்டியவர்கள் இருவரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்.

இவர்களெல்லாம் யாரோ ஒருவர் கண்ணில் பட்டவர்கள். கண்ணில் படாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் கவலை. கிராமத்து மைதானத்தில் பயிற்சியாளரின் கண்தான் ஒரே கருவி. அந்தக் கண்ணுக்கு உயரமான பிள்ளை தெரியும், சீக்கிரம் வளர்ந்துவிட்ட பிள்ளை தெரியும், முன்னால் வந்து நிற்கும் பிள்ளை தெரியும். வரிசையின் கடைசியில் வாய் திறக்காமல் நிற்கும் பிள்ளையின் காலுக்குள் என்ன இருக்கிறது என்பது அளந்தால்தான் தெரியும். அளப்பதற்கு லட்ச ரூபாய்க் கருவி வேண்டாம், சாதாரணச் சாமானும் கொஞ்சம் ஒழுங்கும் போதும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பவர் என்பது எது?

நம் ஊர்களில் இளவட்டக்கல் தூக்குவார்கள். கல்லைத் தோளுக்கு மேல் கொண்டுபோய்ப் பின்னால் தள்ளுகிறவனை ஊரே மெச்சும். அது பெரிய பலம். ஆனால் கல்லைத் தூக்குகிறவன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான் என்று யாரும் கேட்பதில்லை. மைதானம் அதைத்தான் கேட்கிறது. வேகமாக ஓடுகிறவனின் கால் ஒவ்வோர் அடியிலும் தரையில் நிற்பது சுமார் 0.1 வினாடி. தசை தன் முழு பலத்தைத் திரட்ட 0.3 வினாடிக்கு மேல் ஆகும். கிடைக்கிற அந்தச் சின்ன அவகாசத்தில் எவ்வளவு விசையை, எவ்வளவு வேகத்தில் வெளியே கொண்டுவர முடியும் என்பதுதான் பவர். விசையை வேகத்தால் பெருக்கினால் வருவது அது. வாட் என்ற அலகில் சொல்வோம்.

பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டும் ரெய்டர், வலைக்கு மேலே எழும்பும் ஸ்பைக்கர், பெனால்டி கார்னரில் பாய்ந்து வெளியேறும் டிஃபெண்டர், குண்டு எறியும் பெண் எல்லோருக்கும் தேவையானது இதுதான். பலம் இருந்தும் பவர் இல்லாதவர்கள் உண்டு. அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சி வேறு. எது குறைவு என்று தெரியாமல் எல்லோரையும் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டால், ஓடத்தான் கற்றுக்கொள்வார்கள்.

விளையாட்டு ஆய்வுக்கூடங்களில் இதை அளக்க ஃபோர்ஸ் பிளேட் என்று ஒன்று வைத்திருப்பார்கள். தரையில் பதித்த தட்டு. அதன் மேல் நின்று தாண்டினால், கால் தரையைத் தள்ளும் விசையை வினாடிக்கு ஆயிரம் முறை பதிவு செய்யும். விலை லட்சங்களில் இருக்கும். நல்ல கருவிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் துறையே அந்தத் தட்டில் பிறக்கவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தை நாற்பது ஆண்டுகள் நடத்திய டட்லி சார்ஜென்ட், 1921இல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதனின் உடல்திறனை அளக்க நின்ற இடத்திலிருந்து மேலே எம்பித் தாண்டச் சொன்னாலே போதும் என்பது அதன் சாரம். நூறு ஆண்டுகள் கழிந்தும் உலகம் முழுக்க அந்தச் சோதனை அவர் பெயரால் நடக்கிறது.

சுவரும் சாக்பீஸும்

முதல் சோதனை அதுதான். பள்ளிக்கூடத்தின் பக்கச் சுவர் போதும். சுவரில் ஒட்டிய அளவு நாடா, சாக்பீஸ் பொடி, எடை பார்க்கும் மெஷின். வேறெதுவும் வேண்டாம்.

பிள்ளையைச் சுவருக்குப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். சுவர் பக்கத்துக் கையின் நடுவிரலில் சாக்பீஸ் பொடியைத் தடவச் சொல்லுங்கள். குதிகால் தரையில் பதிந்திருக்க, கையை முடிந்தவரை மேலே நீட்டி ஒரு புள்ளி வைக்க வேண்டும். இந்த இடத்தில் உங்கள் கண் பிள்ளையின் தோளில் இருக்கட்டும். பலர் தோளை உயர்த்தாமல் பாதிக் கையோடு புள்ளி வைத்துவிடுவார்கள். தெரிந்து செய்கிறவர்களும் உண்டு, தெரியாமல் செய்கிறவர்களும் உண்டு. தோள் காதை ஒட்டும்வரை எழும்பாவிட்டால், தாண்டாமலேயே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இலவசமாகக் கிடைத்துவிடும். அடுத்த மாதம் தோளை ஒழுங்காக உயர்த்திப் புள்ளி வைத்தால், அதே பிள்ளை பின்தங்கிவிட்டதாக உங்கள் நோட்டு சொல்லும். ஆக, நிற்கும் உயரத்தை நீங்களே கையைப் பிடித்து நீட்டிப் பாருங்கள்.

பிறகு சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, ஓட்டமில்லாமல், முன்னெட்டு வைக்காமல், முழங்காலை மடக்கிக் கையை வீசி மேலே எம்பி, உச்சியில் இரண்டாவது புள்ளியை வைக்க வேண்டும். இரண்டு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரம்தான் தாண்டிய உயரம். மூன்று முறை தாண்டட்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. மூன்றையும் எழுதி, சிறந்ததைக் கணக்கில் எடுங்கள். மூன்றாவது தாண்டலும் முந்தைய இரண்டைவிடக் கூடுதலாக வந்தால் இன்னும் ஒன்று கொடுங்கள், பிள்ளை இப்போதுதான் பழகியிருக்கிறது என்று அர்த்தம்.

வாலிபால் ஆடும் குழுவுக்கு இதிலேயே இன்னொரு பலன் இருக்கிறது. பெண்கள் வலையின் உயரம் 2.24 மீட்டர், ஆண்களுடையது 2.43 மீட்டர். ஒரு மாணவி நின்றபடி எட்டும் உயரம் 2.05 மீட்டர், தாண்டல் 40 சென்டிமீட்டர் என்றால், அவள் விரல் 2.45 மீட்டரைத் தொடும். வலைக்கு மேலே 21 சென்டிமீட்டர். யாரை நடுவில் நிறுத்துவது, யாரை லிபரோ ஆக்குவது என்ற பேச்சு அப்போது சத்தம் குறைந்து, சுவரைப் பார்த்து நடக்கும்.

மண்ணில் ஒரு கோடு

இரண்டாவது சோதனை, நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல். ஒரு காலத்தில் இது ஒலிம்பிக் போட்டியாகவே இருந்தது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கரான ரே யூரி நின்ற இடத்திலிருந்து 3.47 மீட்டர் தாண்டினார். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி நடக்க முடியாமல் கிடந்தவர் அவர். கால்களைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கிய பயிற்சிதான் அவரைத் தங்கப் பதக்கம்வரை கொண்டுபோனது. நம் ஊருக்குப் பக்கத்தில் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு, ஒரு கால் நசுங்கிய பிறகும் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்த்த மாத்திரத்தில் ஒரு பிள்ளையைத் தள்ளிவைக்கக் கூடாது என்பதற்கு இந்த இருவரும் போதும்.

சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போடுங்கள். நாடாவை ஆணியடித்து நிலையாக நிறுத்துங்கள். துணி நாடா இழுபடும், ஃபைபர் நாடா வாங்குங்கள். பிள்ளை இரண்டு கால் விரல்களையும் கோட்டுக்குப் பின்னால் வைத்து நின்று, கை வீசி முன்னால் பாய வேண்டும். இறங்கிய பிறகு கோட்டுக்கு அருகில் இருக்கும் குதிகாலின் பின்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். பின்னால் கை ஊன்றினால் அந்தத் தாண்டல் செல்லாது. இறங்கும் இடத்தில் மண்ணைக் கிளறி லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டால் குதிகால் தடம் தெளிவாக விழும், முழங்காலுக்கும் நல்லது.

கை வீசலாமா கூடாதா என்று முதலிலேயே முடிவு செய்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். கை வீசினால் தூரம் ஐந்தில் ஒரு பங்குவரை கூடும். வெறுங்காலா, ஷூவா என்பதும் அப்படித்தான். சிமெண்ட் தரையில் ஒரு மாதம், மண்ணில் ஒரு மாதம் என்று மாற்றினால் கிடைக்கும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

காவலர் வேலைக்குத் தயாராகும் தம்பிகளும் இங்கே வந்திருக்கிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் உடல்திறன் தேர்வில் ஆண்களுக்கு நீளம் தாண்டுதலில் 3.80 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 4.50 மீட்டருக்கு இரண்டு நட்சத்திரம். அறிவிப்பு வந்ததும் தினமும் ஓடிவந்து ஓடிவந்து தாண்டிக் கணுக்காலைக் கெடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தினமும் முழுத் தாண்டல் வேண்டாம். கால் பவரை வாரத்தில் இரண்டு நாள் முறையாக வளர்த்து, நின்ற இடத் தாண்டலை ஆறு வாரத்துக்கு ஒருமுறை அளந்துபாருங்கள். அது ஏறுகிறது என்றால் உங்கள் பயிற்சி சரியான வழியில் போகிறது.

கைக்கும் இடுப்புக்கும்

கால் மட்டுமே உடம்பு இல்லை. பிடிக்கிறவன், எறிகிறவன், ஸ்பைக் அடிக்கிறவன் எல்லோருக்கும் இடுப்பு, முதுகு, தோள் பவர் வேண்டும். இதற்கு மெடிசின் பால் என்ற கனமான பந்து வேண்டும். வாங்க வசதியில்லை என்றால் கிழிந்துபோன பழைய பாஸ்கெட்பாலை அறுத்து, உள்ளே பாலிதீன் பையில் மணலை நிரப்பி, இறுகத் தைத்துவிடுங்கள். மளிகைக் கடைத் தராசில் வைத்துச் சரியாக 2 கிலோ அல்லது 3 கிலோ வரும்படி மணலைக் கூட்டிக் குறையுங்கள். எடையைப் பந்தின் மேலேயே பெயின்டால் எழுதிவையுங்கள். மணல் கசிந்தால் எடை குறையும், ஆகவே சோதனை நாளன்று மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

சோதனை இரண்டு வகை. சுவரில் முதுகை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, மார்பிலிருந்து இரு கைகளால் பந்தைத் தள்ளுவது ஒன்று. இதில் தோளும் கையும் மட்டும் பேசும். கோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து நிமிர்ந்து, பந்தைத் தலைக்கு மேலாகப் பின்னால் எறிவது இன்னொன்று. இதில் காலிலிருந்து தோள்வரை முழு உடம்பும் சேரும். பந்தில் சாக்பீஸ் பொடி தடவிவிட்டால் விழுந்த இடம் தெரியும். பின்னால் எறியும்போது அந்தத் திசையில் ஒரு பிள்ளைகூட நிற்கக் கூடாது.

கையில் இருக்கும் செல்போன்

இப்போது உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கருவிக்கு வருவோம். மேலே எழும்பிய உடம்பு காற்றில் இருக்கும் நேரத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடலாம். இத்தாலிய அறிஞர் கார்மெலோ போஸ்கோ 1980களில் இதை ஒரு முறையாகவே நிறுவினார். பத்தாம் வகுப்பு இயற்பியல்தான். காற்றில் இருந்த நேரத்தை வினாடியில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 122.6ஆல் பெருக்கினால் உயரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். காற்றில் 0.55 வினாடி இருந்தால் 37 சென்டிமீட்டர்.

நேரத்தை எடுக்க ஸ்லோ மோஷன் வீடியோ போதும். போனைத் தரையருகே பாத மட்டத்தில் அசையாமல் வைத்துப் படம் பிடியுங்கள். பாதம் தரையைவிட்டு நீங்கிய ஃபிரேமையும் மறுபடி தொட்ட ஃபிரேமையும் கண்டுபிடித்து, இடையில் எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். வினாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் போனில் 132 ஃபிரேம் வந்தால் 0.55 வினாடி. ஸ்பெயினின் கார்லோஸ் பல்சலோப்ரே-ஃபெர்னாண்டஸ் இதே கணக்கில் ஒரு செயலியை உருவாக்கினார். 2015இல் வெளியான ஆய்வில் ஃபோர்ஸ் பிளேட்டோடு அதை ஒப்பிட்டபோது இரண்டும் மிக நெருக்கமாக ஒத்துப்போயின.

இதில் கவனிக்க வேண்டியது போனின் வேகம். 37 சென்டிமீட்டர் தாண்டலில் ஒரே ஒரு ஃபிரேமைத் தவறாக எண்ணினால், 240 ஃபிரேம் போனில் அரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான் பிழை வரும். சாதாரண வீடியோவில், அதாவது வினாடிக்கு 30 ஃபிரேமில், அதே ஒரு ஃபிரேம் தவறினால் 4 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும். ஆறு வார உழைப்பின் முன்னேற்றமே அவ்வளவுதான் இருக்கும். சாதாரண வீடியோவை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

கையை இடுப்பில் வைத்துத் தாண்டச் சொல்லுங்கள். இறங்கும்போது முழங்காலை மடக்காமல், எழும்பியபோது இருந்தது போலவே விரல்நுனி முதலில் தரையைத் தொட வேண்டும், அதன் பிறகு மடக்கலாம். காற்றிலேயே காலை மடக்கி வைத்துக்கொண்டால் தரையைத் தொடுவது தாமதமாகி, தாண்டாத உயரம் கணக்கில் ஏறிவிடும். இன்னொன்று: சுவர் முறையில் வரும் எண்ணும் போன் முறையில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது. சுவர் முறையில் குதிகால் எழும்பிய உயரமும் கை வீச்சும் சேர்வதால் அது கூடுதலாகக் காட்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு முறை என்று முடிவு செய்துவிட்டுக் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

ஸ்டாப் வாட்ச் ஏமாற்றும் இடம்

மாடிப்படிச் சோதனை ஒன்று உண்டு. இத்தாலியின் மார்கரியா 1966இல் தொடங்கி, கலாமென் பிறகு திருத்தியது. ஆறு மீட்டர் ஓடிவந்து, படிகளை மும்மூன்றாகத் தாவி ஏற வேண்டும். மூன்றாம் படியிலிருந்து ஒன்பதாம் படிவரை எடுத்த நேரம்தான் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 1.05 மீட்டர் உயரத்தை 0.55 வினாடியில் ஏறினால் சுமார் 1,120 வாட். இன்னொன்று, 35 மீட்டரை ஆறு முறை ஓடுவது, ஒவ்வொன்றுக்கும் இடையில் 10 வினாடி ஓய்வு. எடையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நேரத்தின் கனத்தால் வகுத்தால் ஒவ்வோர் ஓட்டத்தின் பவரும் கிடைக்கும். ஆறு ஓட்டத்தில் எண் எப்படி இறங்குகிறது என்பதைப் பார்த்துக் களைப்பையும் கணிக்கலாம்.

இரண்டும் நல்ல சோதனைகள்தான், ஆனால் இரண்டிலும் நேரம் உயிர்நாடி. 60 கிலோ பையன் 35 மீட்டரை 5.2 வினாடியில் ஓடினால் 523 வாட். உங்கள் கட்டைவிரல் 0.2 வினாடி முந்தி அழுத்தி 5.0 என்று காட்டினால் 588 வாட். பையன் மாறவே இல்லை, பவர் மட்டும் எட்டில் ஒரு பங்கு ஏறிவிட்டது. தடகளத்தில் 100 மீட்டர் கைக்கடிகார நேரத்தோடு 0.24 வினாடியைக் கூட்டித்தான் மின்னணு நேரத்தோடு ஒப்பிடுவது வழக்கம். கை அவ்வளவு தவறும். இவற்றைச் செய்வதானால் ஸ்லோ மோஷன் வீடியோவில் நேரம் எடுங்கள். மாடிப்படியில் ஈரம் இருக்கக் கூடாது, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். ஆறு முறை ஓடும் சோதனை வாந்தி வரவைக்கும் அளவுக்குக் கடுமையானது. சின்னப் பிள்ளைகளுக்கு அதை வைக்காதீர்கள்.

எடையையும் சேர்த்துப் பாருங்கள்

இந்த உரையில் ஒன்றே ஒன்று மனதில் நிற்க வேண்டும் என்றால் இப்போது சொல்வது நிற்கட்டும். தாண்டிய உயரம் மட்டுமே பவர் ஆகாது. எவ்வளவு எடையை அந்த உயரத்துக்குக் கொண்டுபோனோம் என்பதும் சேர்ந்ததுதான் பவர்.

சேயர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1999இல் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். தாண்டிய சென்டிமீட்டரை 60.7ஆல் பெருக்குங்கள். எடையை 45.3ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி 2,055ஐக் கழியுங்கள். தாண்டும்போது ஒரு கணம் எட்டிய உச்ச பவர் வாட்டில் கிடைக்கும்.

இரண்டு மாணவிகளை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி 50 கிலோ, 45 சென்டிமீட்டர் தாண்டுகிறாள். இன்னொருத்தி 70 கிலோ, 38 சென்டிமீட்டர். சுவரைப் பார்த்தால் முதலாமவள் முன்னால் நிற்கிறாள். கணக்குப் போட்டால் முதலாமவளுக்குச் சுமார் 2,940 வாட், இரண்டாமவளுக்குச் சுமார் 3,420 வாட். கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்தால் முதலாமவள் 59, இரண்டாமவள் 49. தன் உடம்பைத் தானே தூக்கிக்கொண்டு போக வேண்டிய தாண்டுதலுக்கும் ஓட்டத்துக்கும் முதலாமவள் பொருத்தம். 4 கிலோ குண்டைத் தள்ளவும், கபடியில் ரெய்டரைப் பிடித்து நிறுத்தவும் இரண்டாமவளிடம் இருக்கும் மொத்த பவர் வேண்டும். நம் பள்ளிகளில் அந்த இரண்டாவது பெண்ணை என்ன செய்கிறோம்? குண்டாக இருக்கிறாள் என்று ஓரமாக உட்காரவைத்துவிடுகிறோம். அவள்தான் அந்த மைதானத்திலேயே அதிக பவர் உள்ளவள் என்பதை ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு காட்டிக்கொடுக்கிறது.

அதனாலேயே எடை பார்க்கும் நேரத்தில் மிகவும் பக்குவமாக நடந்துகொள்ளுங்கள். எண்ணைச் சத்தமாக வாசிக்காதீர்கள். வரிசையில் மற்றவர்கள் எட்டிப் பார்க்கவிடாதீர்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியர் எடை பார்க்கட்டும். எடையைச் சொல்லிக் கூசவைத்த பிள்ளை மறுநாள் மைதானத்துக்கு வராது.

எது முன்னேற்றம், எது வெறும் ஏற்ற இறக்கம்?

ஒரு பையன் திங்களன்று 41 சென்டிமீட்டர் தாண்டுகிறான், வியாழனன்று 43 தாண்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் யாருக்கும் பவர் ஏறாது. தூக்கம், வெயில், சாப்பாடு, உற்சாகம் எல்லாம் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. ஆகவே தொடக்கத்திலேயே, பயிற்சி ஏதும் மாறாத ஒரு வாரத்தில், எல்லோரையும் இரண்டு நாள் சோதித்துப் பாருங்கள். உங்கள் குழுவில் வழக்கமாக எத்தனை சென்டிமீட்டர் ஆடுகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு ஆடுகிறது என்றால், பிறகு வரும் இரண்டு சென்டிமீட்டர் ஏற்றத்தைக் கொண்டாட வேண்டாம், இறக்கத்துக்குத் திட்டவும் வேண்டாம். நான்கு ஐந்து ஏறினால் தாராளமாகப் பாராட்டுங்கள்.

மலிவான கருவிகளைப் பற்றிப் பலருக்கு இருக்கும் சந்தேகத்துக்கும் இங்கேதான் பதில். முந்திரிக்கொட்டை நிறுக்கும் தராசு நூறு கிராம் தள்ளிக் காட்டினாலும், தினமும் அதே நூறு கிராம் தள்ளிக் காட்டினால், நேற்றைவிட இன்று கூடவா குறைவா என்பதைச் சரியாகச் சொல்லிவிடும். தினம் ஒரு மாதிரி காட்டும் தராசுதான் ஆளை ஏமாற்றும். உங்கள் சுவரும் நாடாவும் அப்படியே. அதே இடம், அதே நேரம், அதே கட்டளை, அதே பத்து நிமிட உடல்சூடேற்றல். அரியலூர் வெயிலில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. தாண்டல் முதலில், எறிதல் அடுத்து, ஓட்டம் கடைசியில். முந்தைய நாள் கடும் பயிற்சி வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

வளரும் பிள்ளையின் எண்

பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதையொட்டியும் ஆண் பிள்ளைகள் பதினான்கு வயதையொட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே மாதத்தில் உயர்வதில்லை. ஏழாம் வகுப்பில் முன்கூட்டியே வளர்ந்த பையன் எல்லாச் சோதனையிலும் முதலாவதாக வருவான். இரண்டு வருடம் கழித்து, இன்று கடைசியில் நிற்கும் பையன் அவனைத் தாண்டிப் போகலாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓட்டம், தாண்டுதல், குண்டு எறிதல் என்று நடத்தும் உலகத் திறனாய்வுத் தேர்வு நல்ல வாசல். விளையாட்டு விடுதிக்குப் போகும் வழி அது. ஆனால் அந்த ஒரு நாளின் எண்ணை வைத்து மட்டும் ஒரு பிள்ளையின் கதையை முடித்துவிடக் கூடாது. நம் நோட்டில் பிறந்த மாதமும் உயரமும் ஒவ்வொரு முறையும் எழுதப்பட்டிருந்தால், யார் இப்போது வளர்கிறார்கள், யாருக்கு இனிமேல்தான் வளர்ச்சி இருக்கிறது என்பது தெரியும். பொறுத்திருந்து பார்க்க ஒரு காரணம் கையில் இருக்கும்.

எண் இறங்கினாலும் அதில் சேதி இருக்கிறது. இரண்டு சோதனை தொடர்ந்து ஒரு பெண்ணின் தாண்டல் இறங்குகிறது என்றால் அவளைத் திட்டாதீர்கள். என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு தூங்குகிறாள், வீட்டில் வேலை என்ன என்று விசாரியுங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் அதைச் செய்யுங்கள். சுவரில் விழுந்த சாக்பீஸ் புள்ளி ஒரு பிள்ளையின் உடல்நலத்தைக் காப்பாற்றும் என்றால் அதைவிட மலிவான மருத்துவம் ஏது?

என்ன செய்யலாம்?

வெளிநாட்டுப் புத்தகங்களில் வயதுவாரியாக அட்டவணைகள் இருக்கும். இந்த வயதுக்கு இவ்வளவு தாண்டினால் நன்று, இவ்வளவு என்றால் சுமார் என்று போட்டிருக்கும். அவை வேறு உணவு, வேறு உடல்வாகு, வேறு மைதானத்தில் வளர்ந்த பிள்ளைகளின் எண்கள். அவற்றை நம் பிள்ளைகள் மேல் போட்டு அவர்களைக் குறைத்துப் பார்க்கத் தேவையில்லை. நமக்கான அட்டவணையை நாமே உண்டாக்கலாம்.

ஆண்டிமடம் ஒன்றியத்தில் உள்ள பள்ளிகளும் குழுக்களும் ஒரு முறையை ஒத்துக்கொள்ளட்டும். சுவர்த் தாண்டல், நின்ற இடத்திலிருந்து நீளம், 3 கிலோ பந்து பின்னால் எறிதல். இந்த மூன்று மட்டும் போதும். ஒரே பக்கத்தில் விதிகளை எழுதி எல்லோரும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றியத் தொகுப்புக்காக ஜூலை, அக்டோபர், ஜனவரி என்று வருடத்துக்கு மூன்று முறை அளந்து எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரை வெளியே விடாமல் வயது, பால், உயரம், எடை, எண்கள் மட்டும் சேர்த்துத் தொகுத்தால், இரண்டு வருடத்தில் நம் மண்ணின் பிள்ளைகளுக்கு நம் மண்ணின் அளவுகோல் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் போய், இந்தப் பிள்ளைக்கு விடுதியில் இடம் வேண்டும், இந்தப் பள்ளிக்கு ஒரு எறிதல் பயிற்சியாளர் வேண்டும் என்று ஆதாரத்தோடு கேட்கலாம். வெறும் கோரிக்கையைத் தள்ளிவைப்பது எளிது, எண்களோடு வரும் கோரிக்கையைத் தள்ளிவைப்பது கஷ்டம்.

பெற்றோர்களுக்கு ஒன்று. உங்கள் பிள்ளை சோதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு என்று கேட்காதீர்கள். போன முறை நீ எவ்வளவு, இந்த முறை எவ்வளவு என்று கேளுங்கள். பிள்ளை தன்னோடு போட்டி போடக் கற்றுக்கொண்டால் மைதானத்தை விட்டு ஓடாது.

ஆசிரியர்களுக்கு ஒன்று. கருவி வரட்டும், நிதி வரட்டும், அதன் பிறகு அளக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வளரும் வயது இப்போதுதான். வருகிற திங்கட்கிழமை ஒரு வகுப்பை மட்டும் எடுத்துத் தொடங்குங்கள். நாற்பது பிள்ளைகளைச் சுவரில் அளக்க இரண்டு பீரியட் போதும். மூத்த மாணவர்களை எழுதவும் நாடா பிடிக்கவும் பழக்குங்கள். அளப்பதும் ஒரு கல்வி, அவர்களில் சிலர் நாளைய பயிற்சியாளர்களாக வருவார்கள். முதல் மாத எண்களில் குறை இருக்கும், பரவாயில்லை. இரண்டாவது முறை அளக்கும்போது ஒழுங்கு வந்துவிடும். மூன்றாவது முறை, பிள்ளைகளே வந்து அடுத்த சோதனை எப்போது என்று உங்களைக் கேட்பார்கள்.

முறை எழுதிய தாள் வாசலில் இருக்கிறது, போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் முன்னால் வாருங்கள், இங்கேயே சுவரில் அளந்து பார்த்துவிடுவோம்.